காலை வண்டியில் செந்தில்

வள்ளித்தாய்: பேசிட்டு ஏன்லே அப்படியே நிக்கிறே?

முனியராஜ்: எப்படி?

வள்ளித்தாய்: ஒரு வார்த்த சொல்றே. அப்புறம் மூஞ்சிய அப்படியே வச்சுக்கிட்டு ரோட்டப் பாக்குறே. பஸ்ஸ விட்டு எறங்குனதுலேர்ந்து இப்படித்தான்.

முனியராஜ்: பழகிப் போச்சுக்கா. கடைசி வசனம் சொல்லிட்டா அசையக் கூடாது. கேமரா இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு தடவ வரும், அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு தடவ, நேரா ஒரு தடவ. அதுவரைக்கும் மூஞ்சி மாறப்படாது.

வள்ளித்தாய்: ஆமத்தூர் வெலக்குல எந்தக் கேமரா வரும்? எங்க கம்பெனி வண்டிதான் வரும்.

முனியராஜ்: அது வர்றதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

வள்ளித்தாய்: வீட்ல வச்சே சொல்லியிருக்கலாம்ல.

முனியராஜ்: நீ எங்க நின்னே? நான் பல்லு வெளக்கி முடிக்கிறதுக்குள்ள தூக்குவாளியோட வாசலுக்கு வந்துட்டே. ஒரு நாள் லீவு போடேன்.

வள்ளித்தாய்: தீபாவளிக்கு முந்தி லீவா? நல்லாச் சொன்னே. பூச்சட்டிப் பட்டாசு ஆர்டர் மலையாக் கெடக்கு. நான் போகாட்டி மருந்த யாரு அடைப்பா... இந்தா, இந்தப் பாலத்துச் செவுத்துல உக்காரு. வண்டிக்கு இன்னும் நேரம் கெடக்கு.

முனியராஜ்: மாமா எப்ப வருவாரு?

வள்ளித்தாய்: உங்க மாமாவா? காலண்டர் சீசன். பிரஸ்லயே சாப்பாடு, பிரஸ்லயே படுக்கை. ஞாயித்துக்கெழம வந்தாத் தெரியும்.

முனியராஜ்: இசைவாணி?

வள்ளித்தாய்: மகள ஹாஸ்டல்ல விட்டப்புறம் வீடு வெறிச்சுன்னு கெடக்கு. பேசிக்கிட்டே இருப்பா. இப்ப நான் கரண்டி கூடத்தான் பேசுறேன்.

முனியராஜ்: பையில உனக்கு ஒரு சேல இருக்கு.

வள்ளித்தாய்: பாத்தேன். தொட்டா வழுக்குது.

முனியராஜ்: சீரியல்ல அந்தப் பொண்ணு கட்டுனது மாதிரி. நீதான் நல்லாருக்குன்னு சொன்னே.

வள்ளித்தாய்: நல்லாத்தான் இருக்கு. கல்யாணம் காச்சிக்குக் கட்டுறேன். அதோட கம்பெனிக்குப் போனா கேட்டுக்குள்ள விட மாட்டாக. பருத்திதான் கட்டணும். நைலான்ல ஒரு பொறி கெளம்புனா... சரி விடு. காலங்காத்தால அதப் பேசப்படாது.

முனியராஜ்: ஏன்?

வள்ளித்தாய்: எங்க வண்டிப் பழக்கம்... பையத் தொறந்ததும் கேக்கணும்னு நெனச்சேன். ரெண்டு நாளைக்கா எம்புட்டுத் துணி எடுத்தாந்திருக்கே?

முனியராஜ்: அழுக்குத் துணிக்கா. ரூம்ல காயப் போட எடமில்ல.

வள்ளித்தாய்: அழுக்கா? எல்லாம் மடிச்சுல்ல இருக்கு.

முனியராஜ்: ...

வள்ளித்தாய்: இப்ப எந்தப் பக்கத்துக் கேமரா வருது?

முனியராஜ்: கிண்டல் பண்ணாதக்கா.

வள்ளித்தாய்: இட்லி வச்சேன். ஒரு வாயி பிட்டு வச்சிட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தே. உப்பு கூடிப்போச்சான்னு பயந்துட்டேன்.

முனியராஜ்: யாராவது கட்டுன்னு சொல்லுவாகன்னு இருந்திருப்பேன்.

வள்ளித்தாய்: சாப்பிடுறதுக்குமா?

முனியராஜ்: அங்க சாப்பாட்டு சீன் வந்தா ஒரே சோத்தத் திரும்பத் திரும்பப் பெசையணும். மொதத் தடவ நெசமாவே பசியா இருக்கும். கொழம்பு மணக்கும். அப்புறம் ஆறிப் போகும், அப்பளம் நமுத்துப் போகும். ஒரு வாயி வச்சு, வசனம் சொல்லி, கேமரா அங்கிட்டுத் திரும்புனதும் துப்பிறணும்.

வள்ளித்தாய்: சோத்தையா?

முனியராஜ்: மேசைக்கு அடியில ஒரு வாளி வச்சிருப்பாக.

வள்ளித்தாய்: அந்தத் தங்கச்சி உனக்கு ஊட்டி விட்டாளே, அவ கல்யாணத்துக்கு முந்தின நாளு... அதையுமா?

முனியராஜ்: அதையுந்தான்.

வள்ளித்தாய்: அதப் பாத்து நான் அழுதேன்லே.

முனியராஜ்: நானும் அழுதேன். கண்ணுக்குக் கீழ கிளிசரின் போட்டிருந்தாக.

வள்ளித்தாய்: நெசமா அழுகவே மாட்டீகளா?

முனியராஜ்: நெசமா அழுதா மூக்கு செவந்து மேக்கப்பு போயிரும். திட்டுவாக.

வள்ளித்தாய்: அது சரி... சீரியல்ல நீ செந்திலா வர்ற அந்த வீடு இருக்குல்ல, மார்பிள் படி வச்சு. மாடியில என்ன இருக்கும்னு ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நீ கோவிச்சுக்கிட்டு அடிக்கடி மாடிக்குப் போவியே.

முனியராஜ்: செவுரு.

வள்ளித்தாய்: செவுரா?

முனியராஜ்: படியேறித் திரும்புனா செவுருதான். அங்கன நின்னுக்கிடணும். கீழ மத்தவுக பேசி முடிக்கிறவரைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன். சில நாளு நம்ம வீட்ல சேலையத் தொட்டிலாக் கட்டி இசைவாணியத் தூங்க வச்சது நெனப்புக்கு வரும். சில நாளு ஒண்ணும் வராது. ரூமுக்குப் போயிக் கதவத் தொறந்தா, உள்ள நெசமாவே ஒரு ரூம் இருக்கேன்னு ஆச்சரியமா இருக்கும்.

வள்ளித்தாய்: நீ அங்கன நின்னா நாங்க இங்கன செந்திலு மாடில அழுவுறான்னு பேசிக்கிட்டு இருப்போம்.

முனியராஜ்: கைய நீட்டு. என்னக்கா நகம் இப்படி மின்னுது? அங்கன கதாநாயகிக்குக் கன்னத்துல பூசுற பொடி மாதிரி.

வள்ளித்தாய்: அலுமினியப் பொடி. பூச்சட்டி மருந்து. எங்களுக்கு மேக்கப்பு கம்பெனிச் செலவு... போகாது இது. மண்ணெண்ணெ போட்டுத் தேச்சாலும் நகக்கண்ணுல நிக்கும். இசைவாணி காதுகுத்துக்குக் கூட இந்தக் கையோடதான் நின்னேன். போட்டோக்காரரு, கைய மறைங்கம்மான்னாரு. நான் எங்க மறைக்க? உன் தோள்ல வச்சுக்கிட்டேன்... சரி, சொல்லு. ஏதோ சொல்லணும்னியே.

முனியராஜ்: ராத்திரி பஸ்ல பக்கத்து சீட்டுல ஒருத்தர் வந்தாரு. விழுப்புரம் வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு. சார், நீங்க செத்துட்டீங்கள்ல? சிரிக்காதக்கா.

வள்ளித்தாய்: நான் சிரிக்கல.

முனியராஜ்: ஆமா சார்னேன். வேற என்ன சொல்ல? அவரு எந்திரிச்சு சன்னல் சீட்ட எனக்குக் குடுத்துட்டாரு.

வள்ளித்தாய்: நல்ல மனுசன்.

முனியராஜ்: அதான்க்கா சொல்ல வந்தேன். சீரியல்ல என்னய முடிச்சுட்டாக. செந்திலு இனிமே கெடையாது.

வள்ளித்தாய்: ...எப்ப?

முனியராஜ்: போன வாரம்.

வள்ளித்தாய்: போன வாரமா?

முனியராஜ்: ஆமா.

வள்ளித்தாய்: லாரியா?

முனியராஜ்: உனக்கு எப்படித் தெரியும்?

வள்ளித்தாய்: வேற எதுல போவாக? ஒண்ணு லாரி, இல்லாட்டி நெஞ்சு வலி. உனக்கு நெஞ்சு வலி வர்ற வயசா?

முனியராஜ்: லாரிதான்.

வள்ளித்தாய்: அடிபடுற மாதிரி நடிச்சியா? கீழ விழுந்தியா?

முனியராஜ்: அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. என்னயக் கூப்பிடவே இல்ல.

வள்ளித்தாய்: கூப்பிடாம எப்படி?

முனியராஜ்: தங்கச்சி சமையக்கட்டுல நிப்பா. போன் அடிக்கும். எடுப்பா. கையிலேர்ந்து போன் விழும். அம்புட்டுத்தான் என் சாவு. என் சாவுக்கு நான் வேண்டியதில்ல. மேனேஜரு போன் பண்ணி, ஒரு போட்டோ மட்டும் குடுத்து விடுங்க, மாலை போடணும்னாரு. அப்பத்தான் எனக்கே தெரியும்.

வள்ளித்தாய்: அதுவரைக்கும் யாரும் சொல்லலியா?

முனியராஜ்: அதுதான் சொன்னது. சேனல்ல ஆளக் கொறைக்கச் சொல்லிட்டாகளாம். அண்ணன் போனா, தங்கச்சிய ஒரு மாசம் அழ வைக்கலாம்ல.

வள்ளித்தாய்: எந்தப் போட்டோ குடுத்தே?

முனியராஜ்: ஷூட்டிங்ல எடுத்தது ஒண்ணு. கோட்டுப் போட்டு.

வள்ளித்தாய்: தனியா நின்னு எடுத்ததா?

முனியராஜ்: தனியாத்தான். ஏன்?

வள்ளித்தாய்: சும்மா கேட்டேன்... கோட்டு உனக்கு நல்லாருக்கும்.

முனியராஜ்: நீ ஒண்ணும் வெசனப்படாத. தீபாவளி கழிச்சு வேற சீரியல் ஒண்ணு ஆரம்பிக்குது. பேசிட்டாக.

வள்ளித்தாய்: என்ன வேசம்?

முனியராஜ்: ...போலீசு.

வள்ளித்தாய்: மீச வைக்கணுமே.

முனியராஜ்: வைக்கணும்.

வள்ளித்தாய்: சரி.

முனியராஜ்: ஒனக்கு வருத்தமா இல்லியா?

வள்ளித்தாய்: நீ முழுசா என் முன்னால உக்காந்திருக்கே. செந்திலு போனதுக்கு நான் என்ன தீட்டா காக்கணும்?

முனியராஜ்: அதுக்கில்லக்கா. வண்டில உனக்கு ஒரு மரியாத இருந்துச்சு. செந்திலோட அக்கான்னு.

வள்ளித்தாய்: சன்னல் சீட்டு குடுத்தாக. மொத நாளு ராக்காயி எந்திரிச்சு எடம் குடுத்தா. அதுலேர்ந்து அது என் சீட்டு.

முனியராஜ்: அதான். உன்கிட்ட ஒரே ஒரு ஒதவி. இன்னைக்கு வண்டில ஏறுனதும் நீயே சொல்லிரு. செந்திலு போயிட்டான்னு. நான் ஊர்ல இருக்கையில ஒருத்தி வந்து, என்னப்பா அடுத்து என்ன ஆகும்னு கேட்டா... என்னால முடியாதுக்கா. பஸ்ல அந்த மனுசன் கேட்டதே போதும்.

வள்ளித்தாய்: வண்டில சொல்ல முடியாதுலே.

முனியராஜ்: ஏன் முடியாது?

வள்ளித்தாய்: காலை வண்டில சாவுப் பேச்சு கெடையாது.

முனியராஜ்: இது எப்பலேர்ந்து?

வள்ளித்தாய்: கருப்பம்மா மதினி வீட்டுக்காரரு போன அன்னைக்கு. நம்ம முத்துக்கருப்பன் அண்ணன். அன்னைக்குக் காலைல போறப்ப யாரோ ஒருத்தி சாத்தூர்ல ஒரு சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த கதைய வழி பூராம் சொன்னா. அண்ணனும் பின் சீட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டு வந்தாரு. பதினோரு மணிக்கு அவரு ஷெட்டுல... அதுலேர்ந்து யாரும் பேசுறதில்ல. யாரும் உத்தரவு போடல. வாயி வரல, அம்புட்டுத்தான்.

முனியராஜ்: இது சீரியலுக்கா. நெசமில்ல.

வள்ளித்தாய்: பக்கத்து வீட்டுக் கோழி செத்தாக் கூட, அது ஊருக்குப் போயிருக்குன்னுதான் சொல்லுவோம். சீரியலு எம்மாத்திரம்?

முனியராஜ்: அப்பச் சாயங்காலம் வர்றப்பச் சொல்லு.

வள்ளித்தாய்: சாயங்காலம் வண்டில எவ முழிச்சிருக்கா? ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சு தூங்கிக்கிட்டு வருவோம்.

முனியராஜ்: நீ சொல்லாட்டியும் டிவில பாத்திருப்பாகளே.

வள்ளித்தாய்: கரண்டு எங்கலே இருக்கு? நம்ம பக்கம் பூராம் விளக்கு வைக்கிற நேரம் போயிருது. சோறு தின்னு படுக்கையில வருது. உன் சீரியலு வர்ற நேரமும் அதுதான். எல்லார் வீட்லயும் டிவிக்குத் துணி போத்தி வச்சிருக்கு.

முனியராஜ்: அப்ப யாருக்கும் கதையே தெரியாதா?

வள்ளித்தாய்: நான் சொல்றேன்ல. உன் தம்பி போன்ல சொல்லியிருப்பான்ல, சொல்லு சொல்லுன்னு வண்டில ஏறுனதும் புடுங்குறாக.

முனியராஜ்: நான் எங்க போன்ல கதை சொன்னேன்?

வள்ளித்தாய்: போன் பண்ணாத்தான சொல்ல? இப்பல்லாம் எப்பயாச்சும் பண்றே, நல்லாருக்கியான்னு கேக்குறே, வச்சிர்றே. உன்னயக் குத்தம் சொல்லல.

முனியராஜ்: அப்ப என்னதான் சொல்றே வண்டில?

வள்ளித்தாய்: ஏதோ சொல்லிச் சமாளிக்கேன். ஒண்ணு சொல்லட்டுமா? டிவில உன் மூஞ்சி வரும், பேச்சு யாரோடதோ வரும். எனக்கு அது புடிக்கிறதே இல்ல.

முனியராஜ்: நம்ம பேச்சு அங்க ஆகாதுன்னுட்டாக. எனக்குன்னு மெட்ராஸ்காரரு ஒருத்தர் பேசுவாரு. அவருக்குச் சளி புடிச்சா டிவில எனக்குச் சளி புடிச்சிரும். நேர்ல ஒரு தடவதான் பாத்தேன். என்னயப் பாத்துட்டு, நீங்க பேசவே மாட்டீங்களான்னாரு.

வள்ளித்தாய்: வண்டில செந்திலு நம்ம பேச்சுதான் பேசுவான். அங்கனங்குறான், இங்கனங்குறான். எல்லாரும் சிரிப்பாக... ஏலே, கருப்பம்மா மதினி வருது. மூஞ்சியச் சரி பண்ணு.

முனியராஜ்: நான் அந்த டீக்கடைப் பக்கம் போறேன்.

வள்ளித்தாய்: உக்காரு. பாத்துட்டா.

முனியராஜ்: அக்கா, நான் என்னன்னு சொல்ல?

வள்ளித்தாய்: அவ என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லு. நடிகன்தான நீ?

கருப்பம்மாள்: யாரு இது, கொழுந்தனாரா! என்ன வள்ளி, நேத்து சொல்லவே இல்ல?

வள்ளித்தாய்: எனக்கே விடியக்காலம்தான் தெரியும் மதினி.

முனியராஜ்: வாங்க மதினி. நல்லாருக்கீகளா?

கருப்பம்மாள்: எனக்கென்ன. நீங்கதான் எளச்சுப் போனீக. அந்தக் கடையில வெயில்ல கெடந்தா எளைக்காம என்ன செய்யும்?

முனியராஜ்: எந்தக் கடை?

வள்ளித்தாய்: சைக்கிள் கடையக் கேக்குறாலே. சாத்தூர் பஸ் ஸ்டாண்டு கிட்ட வச்சியே.

முனியராஜ்: ...ஆமா. ஆமா மதினி. வெயிலு சாஸ்திதான்.

கருப்பம்மாள்: ஒரு தட்டி கட்டிக்கிட வேண்டியதுதான? நான் வள்ளிகிட்ட அன்னைக்கே சொன்னேன். செந்திலு தலைக்கு மேல ஒரு தட்டி கட்டச் சொல்லுன்னு.

முனியராஜ்: கட்டிறலாம். மூங்கி சொல்லியிருக்கேன்.

கருப்பம்மாள்: அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?

முனியராஜ்: எந்த... விட்டுருச்சு மதினி. நேத்தே விட்டுருச்சு.

கருப்பம்மாள்: பஸ்ல யாரோ விட்டுட்டுப் போன புள்ள. நீங்க தூக்கிட்டு வந்தீக. எங்க வண்டில நாலு பேரு வேண்டாம்னாளுக, கல்யாணமாகாதவனுக்கு எதுக்குப் புள்ளன்னு. நான்தான் விடல. பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா?

முனியராஜ்: ரெண்டாம் வகுப்பு.

வள்ளித்தாய்: ஒண்ணாம் வகுப்புலே.

முனியராஜ்: ஒண்ணுதான். கெட்டிக்காரி. ரெண்டுல போட்டாலும் படிச்சிருவா.

கருப்பம்மாள்: தலை பின்னி விடுறது யாரு?

முனியராஜ்: நான்தான். கோணலாத்தான் வருது. அது கண்ணாடியப் பாத்துட்டு, போங்க மாமா, ஒரு பக்கம் ஆட்டுக் கொம்பு மாதிரி நிக்குதுன்னுது.

கருப்பம்மாள்: கேட்டியா வள்ளி. நீ இதச் சொல்லவே இல்லியே.

வள்ளித்தாய்: இது எனக்கும் புதுசு மதினி.

கருப்பம்மாள்: அதுக்குத்தான் சொல்றேன், அந்த டைலர்க்காரியக் கட்டிக்கிடுங்கன்னு. எதிர்த்தாப்புல மிஷின் போட்டிருக்கா. தாலி அறுத்தவ, அதனால என்ன? அவளுக்கு நாளைக்குச் சோறு பொங்குனா திங்க ஆள் வேண்டாமா? அவ பாவாடைக்கு ஊசி கோக்குற சாக்குல உங்க கடையத்தான் பாத்துக்கிட்டு இருக்கா.

முனியராஜ்: தெரியும் மதினி. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

கருப்பம்மாள்: பாத்துக்கிட்டே இருந்தா? வாயத் தொறந்து கேளுங்க.

முனியராஜ்: கேட்டா என்ன சொல்லுவான்னு பயமா இருக்கு. நல்லாப் போயிக்கிட்டு இருக்கையில எதையாவது கேட்டு, இருக்குறதும் போயிருச்சுன்னா...

கருப்பம்மாள்: போகாது.

முனியராஜ்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கருப்பம்மாள்: எனக்குத் தெரியும். அவகிட்ட மெதுவாச் சொல்லணும். மழைக்கு ஒதுங்குற மாதிரி அவ வாசல்ல போயி நிக்கணும். ஒண்ணும் கேக்க வேண்டாம். அவளே காப்பி குடிக்கிறீகளான்னு கேப்பா. குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வச்சிட்டு வந்திறணும். அம்புட்டுத்தான். மறுநாளும் மழை பெய்யணும்.

முனியராஜ்: செய்யிறேன் மதினி.

கருப்பம்மாள்: ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக.

முனியராஜ்: கேளுங்க.

கருப்பம்மாள்: உங்களுக்கு ஒண்ணும் ஆயிறாதுல்ல?

முனியராஜ்: ...

கருப்பம்மாள்: ஏன் பேசாம இருக்கீக?

வள்ளித்தாய்: அவனுக்குக் கேமரா வருது மதினி.

கருப்பம்மாள்: நீ சும்மா இரு வள்ளி. அவர் வாயால கேக்கணும்.

முனியராஜ்: ஒண்ணும் ஆகாது மதினி. நான் நல்லாத்தான் இருக்கேன்.

கருப்பம்மாள்: இருக்கணும். வேல எப்ப வரும் எப்பப் போகும்னு யாரு கண்டா. எங்களுக்கும்தான் மழை வந்தா ஷெட்டப் பூட்டிர்றாக. ஆளு இருக்கணும்... அந்தா, வண்டி வந்துருச்சு. ஏறி எடம் போட்டு வைக்கேன் வள்ளி. வாரேன் கொழுந்தனாரே. ரெட்டச் சட போடாதீக, ஒத்தச் சட போட்டா கோணாது.

முனியராஜ்: சரி மதினி.

வள்ளித்தாய்: தூக்குவாளிய எடு. நான் வாரேன்.

முனியராஜ்: அக்கா, நில்லு.

வள்ளித்தாய்: வண்டி நிக்குதுலே.

முனியராஜ்: சைக்கிள் கடை வச்சு, புள்ளயத் தூக்கிட்டு வந்து, அதுக்குக் காய்ச்சல் வந்து, பள்ளிக்கூடத்துல சேத்து... போன வாரத்துலேர்ந்து இம்புட்டும் நடக்குமா?

வள்ளித்தாய்: நடக்காது.

முனியராஜ்: அப்ப?

வள்ளித்தாய்: நீ போனது ஆடில. இப்பப் புரட்டாசி.

முனியராஜ்: ...தெரியுமா உனக்கு?

வள்ளித்தாய்: மொத நாளு வண்டில கேட்டாக, செந்திலு என்ன செஞ்சான்னு. ஊருக்குப் போயிருக்கான்னேன். மறுநாளும் ஊருக்குப் போயிருக்கான்னேன். எம்புட்டு நாளு ஊர்லயே வச்சிருக்க? என்ன சோலின்னு கேக்குறாக. அப்புறம் சாத்தூர்ல எறக்கி விட்டேன்.

முனியராஜ்: யாரு சொன்னா உனக்கு?

வள்ளித்தாய்: யாரும் சொல்லல. இசைவாணிக்குச் செருப்பு வாங்க சிவகாசிக்குப் போனேன். ரோட்டுல ஒரு டிவிக்கடை, ஜெனரேட்டர்ல ஓடுது. செவுரு பூராம் டிவி அடுக்கியிருக்கு. எல்லாத்துலயும் நீதான். மாலையோட.

முனியராஜ்: அக்கா...

வள்ளித்தாய்: கடைக்காரரு ஸ்டூல் போட்டு உக்கார வச்சாரு. சீரியலும்மா, சீரியலும்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்குத் தெரியாதா சீரியல்னு? இருந்தாலும் ரோட்டுக்கு வந்ததும் ஒத்த ரூபா போன்ல உனக்குப் போட்டேன். அலோன்னே. உன் குரல்தான். ஒண்ணும் பேசாம வச்சிட்டேன்.

முனியராஜ்: அது நீயா? ராங் நம்பர்னு நெனச்சேன்... அக்கா, புதுசா ஒரு சீரியல்னு சொன்னேன்ல, போலீசுன்னு...

வள்ளித்தாய்: அழுக்குத் துணிய எவனும் இஸ்திரி போட்டுக் கொண்டாற மாட்டான்லே. இரு. எம்புட்டு நாளானாலும் இரு... பாண்டி, ஆரன் அடிக்காதப்பா, வந்துட்டேன்.

முனியராஜ்: ரெண்டு மாசமா ஆள் ஆளாப் போயிப் பாத்தேன்க்கா. செத்த மூஞ்சி, உடனே வேற எதுலயும் போட முடியாதுங்குறாக. ஆளுக மறக்கட்டும்ங்குறாக.

வள்ளித்தாய்: மறக்குற வரைக்கும் இங்கன இரு. உனக்கு ஒரு சோலி இருக்கு. எனக்குக் கதை வத்திப் போச்சு. நாளைக்கு வண்டில என்ன சொல்லன்னு சாயங்காலத்துக்குள்ள யோசிச்சு வை. அந்த ஆட்டுக் கொம்பு நல்லாருந்துச்சு. அந்த மாதிரி.

முனியராஜ்: கருப்பம்மா மதினிய நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு அது மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லிட்டேன். என்னைக்காவது தெரிஞ்சா தாங்காது.

வள்ளித்தாய்: டிவிக்கடையில என் கூட நின்னது யாருன்னு நெனச்சே? ஷூட்டிங்ல தனியா எடுத்ததுன்னியே... நீ குடுத்தது காதுகுத்துப் போட்டோ. என்னய வெட்டிட்டாக, தோள்ல இருந்த கைய வெட்ட மறந்துட்டாக. நகம் பூராம் மருந்தோட இருந்துச்சு. எனக்குக் கண்ணு தெரியல, மதினிதான் மொதல்ல பாத்தா. வள்ளி, அது உன் கை, உன் கை அவன் மேல இருக்கையில அவன் எங்கிட்டுப் போவான், நீ வண்டில ஒண்ணும் சொல்லாதன்னா.